குடிக்கும் வீட்டின் பொறுப்பான பெண்

ஒரு வீட்டில் அப்பா குடிக்கிறார் என்றால் தெருவுக்கே அவரைத் தெரியும். எந்தக் கடையில் வாங்குகிறார், எங்கே விழுந்து கிடந்தார், யார் தூக்கிவந்து வீட்டில் விட்டார்கள் என்பதெல்லாம் பேச்சில் வரும். அவர் மனைவி படும் பாட்டையும் நாலு பேர் பேசுவார்கள். அதே வீட்டில் பதின்மூன்று வயதில் ஒரு பெண் இருந்தால், அவளைப் பற்றி வருவது ஒரே ஒரு வரிதான்: "பாவம், ரொம்பப் பொறுப்பான பொண்ணு."

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம். அவளிடம் நாம் மெச்சுகிற பொறுப்பில் பெரும்பகுதி, அவளைக் கவனிக்க ஆளில்லாமல் போனதால் வந்தது. அதோடு, "முதல்ல அந்த மனுஷன் குடியை விடட்டும், அப்புறம் எல்லாம் சரியாயிடும்" என்று உறவும் ஊரும் காத்திருப்பதில் அவளுடைய பள்ளிப்பருவமே முடிந்துவிடுகிறது. அவளுக்கு வேண்டிய உதவியை அப்பாவின் குடியோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே தொடங்கலாம்.

எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் ஏறக்குறைய 5.7 கோடிப் பேருக்கு மதுப் பிரச்சினைக்கு உதவி தேவைப்படுகிறது. அவர்களில் சுமார் 2.9 கோடிப் பேர் குடிக்கு அடிமையாகவே ஆனவர்கள். மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களில் எத்தனையோ பேர் பிள்ளை குட்டியோடு வாழ்பவர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. பகல் 12 மணிக்குக் கடை திறக்கும், இரவு 10 மணிக்கு மூடும் என்பது இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடுபோல் மனப்பாடம்.

அக்கறையின்மை என்றதும் அடி, சூடு, பட்டினி என்றுதான் மனம் போகும். அவையும் நடக்கின்றன. ஆனால் பெரும்பாலும் அது சத்தமில்லாமல் நடக்கிறது. காய்ச்சல் வந்து மூன்றாம் நாள்தான் யாரோ தொட்டுப் பார்க்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை. பல்வலியைச் சொன்னால் "உப்புத்தண்ணி வச்சுக் கொப்பளி" என்பதோடு முடிகிறது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு நாப்கின் வாங்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வீட்டின் கவனம் முழுவதையும் ஒரே ஆள் எடுத்துக்கொள்கிறார். அம்மாவின் கண் எப்போதும் அவர் மேல்: வேலைக்குப் போனாரா, கூலியை வாங்கிவிட்டாரா, நேரே வீட்டுக்கு வருவாரா, இன்றைக்கு எந்த நிலையில் வருவார். மிச்சமிருக்கும் நேரத்தில் அம்மாவும் வேலைக்குப் போகிறார், களைத்துத் திரும்புகிறார். அவருக்குப் பாசம் குறையவில்லை, பாசத்தைக் காட்டத் தெம்புதான் இல்லை.

சாயங்காலம் ஆறரை மணிக்கு இந்த வீட்டை உள்ளிருந்து பாருங்கள். அவள் உலை வைத்துவிட்டாள். தம்பிக்கு முன்கூட்டியே சோறு போட்டுத் தூங்க வைக்கப் பார்க்கிறாள், அப்பா வரும்போது அவன் விழித்திருந்தால் அழுவான். அம்மா வாங்கிவந்த கூலிப்பணம் துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில் போகிறது. அரிவாள்மனையைக் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்துகிறாள். புத்தகப்பையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவைக்கிறாள், ஏனென்றால் போன மாதம் கணக்கு நோட்டு கிழிந்துபோயிற்று. பிறகு பைக் சத்தம் கேட்கிறது. ஸ்டாண்டை எப்படிப் போடுகிறார், செருப்பை எங்கே விடுகிறார், முதல் வார்த்தை என்ன என்பதை வைத்து இன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணித்துவிடுகிறாள். இந்தக் கணிப்பு தப்புவதே இல்லை. அந்த வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு கூர்மை எதற்குத் தேவைப்படுகிறது என்பதைத்தான் நாம் கேட்டிருக்க வேண்டும்.

இப்படி இரவுதோறும் காவல் இருப்பதற்கு உடல் ஒரு விலை கேட்கும். ஆபத்து வரும்போது உடம்பு தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும்: இதயம் வேகமாக அடிக்கும், கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரக்கும், கவனம் முழுவதும் அந்த ஆபத்தின் மேல் குவியும். ஆபத்து போனதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். தினமும் ஆபத்து என்றால் அது திரும்புவதில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் பாதி மனம் வாசலைக் காவல் காக்கிறது. தூக்கம் குறைவு. படித்தது நிற்கவில்லை. அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி என்கிறாள். டாக்டர் பார்த்தால் ஒன்றும் இல்லை என்கிறார். அவள் நடிக்கவில்லை, வலி உண்மையாகவே இருக்கிறது.

1990-களின் நடுவில் அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்கள் குழந்தைப் பருவத்தைப் பற்றி விசாரித்தார்கள். வீட்டில் போதைக்கு அடிமையானவர் இருந்தாரா என்பதும் கேள்விகளில் ஒன்று. ஏறக்குறைய நாலில் ஒருவர் ஆம் என்றார். 1998-இல் வெளியான முதல் முடிவுகளிலேயே ஒன்று தெளிவானது: அடி, வீட்டில் குடி, அம்மா அடிபடுவதைப் பார்ப்பது போன்றவை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரச் சேர, பின்னாளில் மனச்சோர்வு, போதைப் பழக்கம், இதயநோய் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் படிப்படியாகக் கூடுகிறது. குடி இருக்கும் வீட்டில் இவை பெரும்பாலும் தனித்தனியாக வருவதில்லை, கூட்டாகத்தான் வருகின்றன.

இதில் நான் அதிகம் கவலைப்படுவது அடியைப் பற்றி அல்ல. அவளுக்கு இரண்டு அப்பாக்கள் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி. காலையில் இருப்பவர் தலை நிமிராமல் டீ குடித்துவிட்டுப் போகிறவர். நேற்று இரவைப் பற்றி அவரும் பேசுவதில்லை, வேறு யாரும் பேசுவதில்லை. இரவில் வருபவர் கத்துகிறவர் மட்டும் அல்ல. சில நாள் பரோட்டாவும் சால்னாவும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து, நடுராத்திரியில் பிள்ளைகளை எழுப்பி, "என் ராசாத்தி, சாப்பிடும்மா" என்று ஊட்டி விட்டு அழுகிறவரும் அவர்தான். அந்தப் பாசம் பொய் இல்லை. அதனால்தான் அவளால் அவரை முழுசாக வெறுக்கவும் முடிவதில்லை, நம்பவும் முடிவதில்லை.

ஐயப்பனுக்கு மாலை போடும் மாதம் வந்தால் வீடே வேறு வீடாகிறது. அப்பா காலையில் குளித்து விபூதி பூசுகிறார், கடைப்பக்கம் போவதில்லை, நோட்டு வாங்கித் தருகிறார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும், அதனால் நல்ல நாட்களிலும் அவளால் நிம்மதியாக இருக்க முடிவதில்லை. கோயிலில் கயிறு கட்டி நிறுத்துவதும் உண்டு. கயிறு இருக்கும்வரை நிற்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவள் தலையில் கைவைத்துச் செய்யும் சத்தியம். "என் பொண்ணு மேல சத்தியமா இனிமே தொடமாட்டேன்." பத்து நாளில் அது உடைகிறது. பெரியவர்களுக்கு அது இன்னொரு பொய், அவ்வளவுதான். ஆனால் தன் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை அப்பா உடைத்தால் தனக்கு என்னவோ ஆகிவிடும் என்று ஒரு சிறுமி உண்மையாகவே பயப்படுவாள். இல்லையென்றால் இன்னும் மோசமான ஒரு முடிவுக்கு வருவாள்: ஒரு குவார்ட்டர் அளவுக்குக்கூட நான் அப்பாவுக்கு முக்கியமில்லை. "உன் பொண்ணுக்காகவாவது விடுய்யா" என்று உறவினர்கள் நல்ல எண்ணத்தோடு சொல்வதும் அதே பாரத்தைத்தான் அவள் தோளில் ஏற்றுகிறது. தயவுசெய்து எந்தக் குடிகாரரிடமும் பிள்ளையின் தலையில் சத்தியம் வாங்காதீர்கள்.

அவருக்கு அவள் முக்கியமில்லை என்பதல்ல விஷயம். அளவு கடந்த குடியை மருத்துவம் நோயாகவே பட்டியலிட்டிருக்கிறது. குடிநோய் என்கிறோம். மூளையில் ஆசையையும் கட்டுப்பாட்டையும் நடத்தும் பகுதிகள் மாறிப்போவதால், விட வேண்டும் என்ற எண்ணம் உண்மையாக இருந்தும் நிற்க முடிவதில்லை. நோய் என்பதால் அவர் செய்ததெல்லாம் மன்னிக்கத்தக்கது என்று ஆகிவிடாது. ஆனால் பாசத்தாலோ, கெஞ்சலாலோ, நல்ல மதிப்பெண் வாங்குவதாலோ மகள் இதைக் குணப்படுத்த முடியாது என்பது தெளிவாகிறது. அவளுக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான், பலமுறை: இது உன்னால் வரவில்லை, இதை நிறுத்துவது உன் வேலையும் இல்லை.

குடிநோய் வருவதில் பரம்பரைக்கு ஏறக்குறைய பாதிப் பங்கு உண்டு என்று இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்து நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. இதைக் கேட்டு எந்தப் பெண்ணும் பயந்துபோக வேண்டாம், குடிநோயாளிகளின் பிள்ளைகளில் பெரும்பாலோர் குடிநோயாளிகள் ஆவதில்லை. தன் உடம்புக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்திருந்தால் போதும்.

வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்தாகலாம். சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை. ஓரிரு நாளில் வலிப்பு வரக்கூடும். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் தெரிந்து, இடம் பொருள் தெரியாமல் பேசலாம். அம்மா வேலைக்குப் போயிருக்கும் பகலில் இதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பவள் பெரும்பாலும் இந்தப் பெண்தான். பேய் பிடித்ததாகவும் சொல்வார்கள். 108-ஐ அழைக்க வேண்டிய நேரம் அது. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து என்று விளம்பரங்கள் வருகின்றன. டைசல்பிராம் போன்ற மருந்தை ஒருவர் அறியாமல் உட்கொண்டு அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் குழம்பைப் பரிமாறும் வேலை மகளிடம் வந்து சேருவதையும் நினைத்துப் பாருங்கள்.

குடிப்பது அம்மாவாக இருந்தால் பெண்ணின் பாடு இன்னும் கடினம். அப்பா குடிப்பதைத் தெரு பொறுத்துக்கொள்கிறது, அம்மா குடிப்பதைப் பொறுப்பதில்லை. அவமானம் இரட்டிப்பு என்பதால் மகள் இன்னும் ஆழமாக மறைக்கிறாள். தோழிகளை வீட்டுக்கு அழைப்பதை நிறுத்துகிறாள், பிறகு தோழிகளையே நிறுத்திவிடுகிறாள்.

இத்தகைய வீட்டில் வளரும் மகனும் பாதிக்கப்படுகிறான். ஆனால் அவன் வெளியே போய்விடலாம், ராத்திரி பத்து மணிவரை மைதானத்தில் உட்கார்ந்திருக்கலாம். மகள் உள்ளேதான் இருக்க வேண்டும். சமையலும் தம்பி தங்கைகளும் அவள் கையில். "நீ போய்க் கூப்பிட்டா வந்துருவார்" என்று கடை வாசலுக்கு அனுப்பப்படுகிறவளும் அவளே. அப்பா சில நாள் பாட்டில் வாங்கிவரவும் சொல்வார். இது சட்டப்படி கடும் குற்றம். சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 78-ஆம் பிரிவின்படி மதுவைச் சுமக்கவோ விற்கவோ குழந்தையைப் பயன்படுத்துகிறவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அப்பா கூட்டிவரும் குடித்தோழர்களால் வரும் ஆபத்தை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. யார் நினைவோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாத வீட்டில் ஒரு சிறுமி தூங்குகிறாள். பாலியல் தொல்லை நடந்திருப்பதாகத் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது, 2012-இன் போக்ஸோ சட்டப்படி தெரிந்தவர் மேலேயே குற்றமாகும். "குடும்ப மானம்" அதற்குச் சாக்கு ஆகாது.

இதிலிருந்து தப்பிக்க உறவினர்கள் காட்டும் வழி கல்யாணம். "அந்த வீட்ல இருக்கறதுக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துரலாம்." பதினாறு வயதில் அவளுக்கும் அது விடுதலைபோல் தெரியலாம். பதினெட்டுக்கு முன் நடக்கும் திருமணம் சட்டவிரோதம் என்பது ஒருபுறம். படிப்பும் வருமானமும் இல்லாமல் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் பெண், அங்கேயும் ஒருவரின் மனநிலையைக் கணித்துக்கொண்டே வாழப் பழகிவிடுகிறாள். இதை மீட்பு என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

பள்ளியில் இவளை எப்படி அடையாளம் காண்பது? முரண்டு பிடிக்கும் பிள்ளையை ஆசிரியர் கவனித்துவிடுவார். இவள் முரண்டு பிடிக்கமாட்டாள். கரும்பலகையைத் துடைப்பாள், சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள், திட்டினால் பதில் பேசமாட்டாள். திங்கட்கிழமை தாமதமாக வருவாள் அல்லது வரவேமாட்டாள். மதிய உணவில் இரண்டாம் முறை வாங்குவாள். நீண்ட விடுமுறை வருகிறது என்றதும் மற்றவர்கள் துள்ளும்போது இவள் முகம் வாடும். அப்பா என்ன செய்கிறார் என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாக, "வீட்ல ராத்திரி தூங்க முடியுதாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் தடவை "நல்லாத்தான் சார்" என்பாள். கேட்டவர் மாறாமல் இருந்தால், நாலாவது தடவை சொல்வாள்.

ஒரு ஆள் மாறாமல் இருப்பது இவ்வளவு பெரிய விஷயமா? ஆம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய், சண்டை என்று பல சிக்கல்கள் ஒன்றாகச் சூழ்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக, அன்பும் தன்னம்பிக்கையும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் வெர்னர் கண்ட பொதுவான அம்சங்களில் முக்கியமானது, பெற்றோராகவே இருக்க வேண்டியதில்லை, பாட்டியோ அத்தையோ ஆசிரியரோ பக்கத்து வீட்டாரோ, அவர்களை விடாமல் நேசித்த ஒரு பெரியவர் இருந்தார் என்பது. நம் தெருக்களில் அத்தகைய அத்தைகளும் பக்கத்து வீட்டு அக்காக்களும் நிறையவே இருக்கிறார்கள். "அடுத்தவங்க வீட்டு விவகாரம்" என்ற தயக்கத்தை மட்டும் அவர்கள் விட வேண்டும். புத்தகப்பையை வாங்கி வைத்துக்கொள்ளும் வீடு, இரவு அவள் படிக்க ஒரு விளக்கையும் தூங்க ஒரு பாயையும் தர முடியும்.

அதற்கு மேல் தேவைப்படும்போது 1098. குழந்தைகளுக்கான இந்த உதவி எண்ணைக் குழந்தையும் அழைக்கலாம், அக்கம்பக்கத்தாரும் அழைக்கலாம். "கூப்பிட்டா பிள்ளையைத் தூக்கிட்டுப் போய் ஹோம்ல போட்டுருவாங்க" என்ற பயம் பலரைத் தடுக்கிறது. சிறார் நீதிச் சட்டம் சொல்வது இதற்கு நேர்மாறு: காப்பகம் என்பது கடைசி வழி, குடும்பத்தோடு வைத்துக்கொள்ள முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் நலக் குழு விசாரித்து, பாட்டி வீட்டிலோ சித்தி வீட்டிலோ வைக்கலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்ப்பதற்கு மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு. படிப்பு தொடர வேண்டும், வீட்டில் முடியவில்லை என்றால் பெண்களுக்கான கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகளும் அரசு விடுதிகளும் இருக்கின்றன. அடிபடும் அம்மாவுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் தனக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு ஆணையும், அந்த வீட்டிலேயே தங்கும் உரிமையும் அவர் கேட்கலாம். வீட்டைவிட்டுப் போக வேண்டியவர் எப்போதும் மனைவிதான் என்று சட்டம் சொல்லவில்லை.

அப்பாவின் சிகிச்சையைக் கைவிடச் சொல்லவில்லை, அது வேறொருவர் பொறுப்பில் நடக்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சை கிடைக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன், தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பின் 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், குடிப்பவரோடு அவர் குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை தருவதை முக்கியமாகக் கொண்டது. குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போலவே, அவர்கள் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற அமைப்பும் இருக்கிறது. கட்டணமில்லாமல், பெயர் வெளியே போகாமல் அதில் பேசலாம். கணவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும் அம்மா அங்கே போகலாம். அவருக்குக் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தால் அதன் பலன் முதலில் மகளுக்குத்தான் கிடைக்கும்.

இதைப் படிப்பவள் நீயாகவே இருந்தால், உனக்கு நேரடியாகச் சில வார்த்தை. அவர் குடித்திருக்கும்போது வாதம் செய்யாதே, சொல்ல வேண்டியதைக் காலையில் சொல். குடித்திருப்பவர் ஓட்டும் பைக்கில் ஏறாதே, அப்பாவாக இருந்தாலும். அடி விழும் என்று தெரிந்தால் தம்பியோடு எந்த வீட்டுக்கு ஓடுவது என்று இப்போதே முடிவுசெய்து, அந்த வீட்டு அத்தையிடம் சொல்லி வை. ஆதார், மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றையும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டுவரை படித்துக் கல்லூரியில் சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்கிலேயே வரும். அந்த ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் யாரிடமும் கொடுக்காதே. 1098-க்குக் காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள். படிப்பு சம்பந்தமாகவோ மனசு தாங்கவில்லை என்றோ பேச வேண்டுமென்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417-ஐ அழைக்கலாம். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால், "எங்க வீட்ல அப்பா குடிக்கிறார், எனக்குப் பயமா இருக்கு" என்று தொடங்கு.